அஞ்சும் ரெண்டும் கலப்பை

கண்ணு,

நீ அனுப்பிவைத்த ஆள் வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். மோர் கொடுத்தேன், குடித்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், டயரை உதைத்தார், மட்கார்டைத் தட்டினார், "பழசுன்னாலும் நல்லா வெச்சிகினு கீறீங்கம்மா" என்று சொன்னார். பிறகு சாவியைக் கேட்டார். சாவி என் முந்தானையில் முடிந்திருந்தது. கொடுக்கவில்லை. "என் பிள்ளை அவசரப்பட்டுச் சொல்லிட்டான், டிராக்டர் விக்கிறதுக்கு இல்ல" என்றேன். பாவம், வேலையை விட்டுவிட்டுப் படப்பையிலிருந்து பஸ் பிடித்து வந்தவர், முகம் சுண்டிப்போய்விட்டது. உன் அவசரத்துக்கு அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். ஆகவே இந்தக் கடிதத்தைக் கோபத்தோடுதான் ஆரம்பிக்கிறேன். முடிக்கிறபோது கோபம் மிச்சம் இருந்தால் அதையும் உனக்கே அனுப்பிவைக்கிறேன், பெங்களூரில் குளிருக்கு ஆகும்.

போனில் இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எஸ்.டி.டி. பூத்தில் நின்றால் உனக்கு என் பேச்சு கேட்பதில்லை, எனக்கு அந்தச் சிவப்பு மீட்டர் ஓடுவதுதான் கண்ணில் படுகிறது. போன வாரம் நீ பேசியதில் எனக்கு ஞாபகம் இருப்பது இரண்டு வாக்கியம்தான். "அந்த வண்டிதான் அப்பாவ சாச்சுது. அடுத்து உன்னையும் சாய்க்கத்தான் போவுது." அதற்கப்புறம் நீ என்ன சொன்னாய் என்று கேட்கவே இல்லை, காது அடைத்துக்கொண்டது. நிலத்தை விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டுவிட்டுப் பெங்களூரில் உன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாய். வந்து என்ன செய்வேன்? மூணாவது மாடியில் உட்கார்ந்து ஊர்க் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருப்பேனா? நீ வண்டியை விற்கச் சொல்லவில்லை, கண்ணு. என் கையையும் காலையும் கழற்றி வைக்கச் சொல்கிறாய். அப்படி எனக்குப் பட்டது, அப்படியே எழுதிவிட்டேன்.

நீ ஏன் பயந்தாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கல்யாணமாகி மூன்றாம் நாள், மருமகளுக்கு நிலம் காட்டக் கூட்டிக்கொண்டு வந்தாய். நான் உழுது முடித்து, கலப்பையைத் தூக்கிக்கொண்டு வண்டியோடு கால்வாய் மேட்டில் ஏறினேன். முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு ஒரு சாண் எழுந்தது. அந்தப் பெண் "அத்தே!" என்று கத்தினாள். நான் கிளட்சை அமுக்கினேன், சக்கரம் தரையில் உட்கார்ந்தது, அவ்வளவுதான் நடந்தது. ஆனால் உன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தபோது ஒரு சாயங்காலம், தாம்பரம் ஆஸ்பத்திரி வராந்தாவில், புத்தகப்பையைக்கூடக் கழற்றாமல், அப்பா படுத்திருந்த வார்டு கதவைப் பார்த்தபடி நின்றாயே, அதே முகம். அன்றைக்கு உனக்கு யாரும் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. "டிராக்டர் தூக்கிப் போட்டுடுச்சு" என்று மட்டும் சொன்னோம். பன்னிரண்டு வருஷமாக அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே வளர்ந்திருக்கிறாய். அது தப்பான வாக்கியம். டிராக்டர் தூக்கிப் போடவில்லை. என்ன நடந்தது என்பதை இப்போதாவது முழுக்கக் கேள்.

மாடுகளை விற்ற கையோடு உங்கப்பா அந்த வண்டியை வாங்கினார். பொழிச்சலூர் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நின்ற வண்டி. தோப்பையே மனை போட்டு விற்கிறார்கள், இனிமேல் இது எதற்கு என்று தோப்புக்காரர் தள்ளிவிட்டார். அப்போதே அது கிழ வண்டி. கம்பெனிப் பெயரெழுதியிருந்த இடம் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. இருபத்தைந்து குதிரைச் சக்தி. உன் பெரியப்பா வைத்திருந்த வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் கன்றுக்குட்டி மாதிரி இருக்கும். தோப்பில் அது டிரெய்லர் மட்டும்தான் இழுத்ததாம், அதனால் கலப்பை கூட வரவில்லை. கலப்பை வாங்கத் தாம்பரம் கடைக்குப் போனோம். நான், உங்கப்பா, கூடவே யோசனை சொல்லப் பெரியப்பா. கடைக்காரர் எங்கள் வண்டி என்ன வண்டி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அஞ்சு கொத்து கீது, ஏழு கொத்து கீது, ஒம்போது கொத்து கீது. எது வோணும்?" என்றார். கொத்து என்றால் மண்ணைக் கீறுகிற அந்த வளைந்த இரும்புக்கால், உனக்குத் தெரியும்.

பெரியப்பா முதலில் ஐந்தைத் தள்ளினார். "அஞ்சு கொத்த வெச்சிகினு இன்னா பண்ணப்போற, கீரப்பாத்தி போடவா?" என்று சிரித்தார். அவர் வண்டியில் மாட்டியிருந்தது ஒன்பது. உங்கப்பா முகம் சிவந்துவிட்டது. நான் ஏழைக் காட்டினேன். எனக்கு ஒன்றும் தெரிந்து காட்டவில்லை, நடுவில் இருந்தது, பார்க்க அடக்கமாக இருந்தது, காட்டினேன். உங்கப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "ஏழா? ஏழரைச் சனி என்ன விட்டு முழுசா ஆறு மாசம் ஆவல. காசு குடுத்து ஏழ வூட்டுக்குக் கூட்டியாரச் சொல்றியா?" கடைக்காரரும் தலையாட்டினார், அவருக்கும் அந்தச் சமயம் ஏழரைதானாம். ஆக, அண்ணன் சிரித்ததால் ஐந்து போயிற்று, சனீஸ்வரனால் ஏழு போயிற்று, மிச்சமிருந்த ஒன்பதைத் தூக்கி வண்டியில் ஏற்றினோம். அது நம் வண்டிக்குப் பொருந்துமா என்று எங்கள் மூன்று பேரில் ஒருவர் கேட்டிருக்க வேண்டாமா? மாடு வாங்கினால் பல்லைப் பார்ப்போம், சுழியைப் பார்ப்போம், ஜோடி உயரம் பார்ப்போம். இரும்பு என்றதும் இரும்புக்கு இரும்பு எல்லாம் பொருந்தும் என்று நினைத்துவிட்டோம்.

பொருந்தவில்லை. கலப்பையைத் தூக்கினாலே வண்டி மூக்கை ஆகாசத்துக்குக் காட்டும். இறக்கினால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி, மண்ணை வாரிப் பின்னால் வீசும். வண்டி அலறும், நகராது. படப்பையில் பட்டறை வைத்திருந்த தாஸிடம் காட்டினோம். தாஸ் நல்ல மனுஷன், ஆனால் வாய் ஓயாது. "அண்ணா, பேஜாரே வோணாம், கலப்ப மேல ரெண்டு பாறாங்கல்ல கட்டிவுடு, மண்ணுல நல்லா எறங்கும்" என்று தைரியம் சொன்னான். கட்டினோம். இன்னும் மோசமாகப் போயிற்று. உங்கப்பாவுக்கு அது கௌரவப் பிரச்சனையாகிவிட்டது. வரப்பில் பெரியப்பா நின்று பார்த்தால் இவர் ஆக்ஸிலரேட்டரை இன்னும் கொஞ்சம் இழுப்பார். கோபத்தில் வண்டி ஓட்டுகிறவர்களை நான் அதற்குப் பிறகு எவ்வளவோ பார்த்துவிட்டேன், எல்லோரும் உங்கப்பா மாதிரியேதான் உதட்டைக் கடிக்கிறார்கள்.

மேற்கு மூலையில் முன்பு பனைமரம் இருந்தது. மரம் போனாலும் வேர் போகவில்லை. அன்றைக்குக் கலப்பை அந்த வேரில் மாட்டிக்கொண்டது. ஒன்பது கொத்தில் நான்கு வேருக்குள். தூக்கினால் வரவில்லை, முன்னால் போனால் வரவில்லை. உங்கப்பா கலப்பையை வண்டியிலிருந்து கழற்றினார், சங்கிலி போட்டு இழுத்துவிடலாம் என்று. சங்கிலியை எங்கே கட்டினார் தெரியுமா? சீட்டுக்குப் பின்னால் மேலே, டாப் லிங்க் என்கிற மேல்தண்டை மாட்டுகிற இடத்தில். கீழே குனிய அவருக்குச் சலிப்பு. சங்கிலியைப் பின்னச்சுக்கு மேலே கட்டி இழுத்தால் இழுக்கிற பாரம் வண்டியைப் பின்னுக்குச் சாய்க்கும். கீழே, அச்சுக்கும் கீழே கட்டினால், வண்டியைத் தரையோடு அழுத்தும். ஒரு முழம் உயர வித்தியாசம்தான். அவர் முதல் கியரில் கிளட்சைச் சட்டென்று விட்டார். வேர் அசையவில்லை, சங்கிலி விறைத்தது, முன்சக்கரம் இரண்டும் மேலே போயிற்று. நான் வரப்பில் சோற்றுத் தூக்கோடு நின்றிருந்தேன். வண்டி நிமிர்ந்து நின்றதைப் பார்த்தேன். உங்கப்பா பின்னால் சரிந்து, கழற்றி வைத்திருந்த கலப்பையின் இரும்புச் சட்டத்தின்மேல் இடுப்பு பட விழுந்தார். இன்ஜின் நின்று, வண்டி தானாக முன்னால் விழுந்தது. பின்னால் விழுந்திருந்தால் உனக்கு அப்பா அன்றைக்கே இல்லை.

ஆக, கண்ணு, உங்கப்பாவைச் சாய்த்தது எது என்று கேட்டால், அவசரத்தில் மேலே மாட்டிய சங்கிலி. சங்கிலி வரைக்கும் கொண்டுபோனது வண்டிக்கு மீறிய கலப்பை. கலப்பையை வாங்க வைத்தது ஒரு சிரிப்பும் ஒரு சனியும். வண்டி பாவம், சொன்னதைச் செய்தது.

இடுப்பு எலும்பு கூடி அவர் எழுந்து உட்காரவே மழை வந்துவிட்டது. கூலிக்கு வருகிற டிரைவர்கள் "இந்த வண்டியா, நான் வர்ல" என்று ஓடினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரத்தில் பெரியப்பா வந்தார். கட்டில் ஓரம் உட்கார்ந்து, நிலத்தைத் தன்னிடம் வாரத்துக்கு விடச் சொன்னார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, உண்மையாகவே தம்பிக்காக வருத்தப்பட்டார். ஆனால் உங்கப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வந்துவிட்டது: "வாணாம் மாமா. நான் ஓட்டிக்கிறேன்." பெரியப்பாவுக்கு நான் சொன்னது முதலில் புரியவேயில்லை. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார். "இன்னாம்மா பேசுற? பொம்பள ஏர் தொட்டா வூடு வெளங்குமா? நம்ம வழக்கத்துல கீதா அது?" எனக்கு அந்த நேரத்தில் எங்கிருந்துதான் புத்தி வந்ததோ! "இது ஏர் இல்ல மாமா. கடையில சொன்னாங்களே, கல்டிவேட்டர்னு. ஏரத் தொட்டா நீங்க கேளுங்க" என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்த முதுகு குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து போய்ப் பார்த்தால், மனுஷன் வலியோடு சிரித்துக்கொண்டிருக்கிறார்.

சொல்லிவிட்டேனே தவிர, அடுத்த நாள் வண்டிமேல் ஏறி உட்கார்ந்தபோது கிளட்ச் எது, பிரேக் எது என்றே தெரியவில்லை. வெறும் வண்டியை ஓட்டப் பழகினேன், அது வந்துவிட்டது. கலப்பையை மாட்டினால்தான் பிரச்சனை. பார்த்துப் பார்த்து ஒரு வேலை செய்தேன். கோலமாவைக் கரைத்துப் பின் டயரில் குறுக்கே பட்டையாக ஒரு கோடு போட்டேன். வண்டி போகப் போக அந்தக் கோடு சுற்றுக்கு ஒரு தடவை தரையில் வெள்ளையாக ஒற்றிக்கொண்டே போகும். கலப்பையைத் தூக்கிக்கொண்டு போனால் ஒரு வெள்ளைக்கும் அடுத்த வெள்ளைக்கும் நல்ல இடைவெளி. ஒன்பது கொத்தையும் இறக்கினால் வெள்ளையெல்லாம் கிட்டக் கிட்ட வந்து நெருக்கியடிக்கிறது. சக்கரம் சுற்றுகிற அளவுக்கு வண்டி போகவில்லை என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். வண்டிக்குப் பலம் இல்லாமல் இல்லை, அந்தப் பலத்தைத் தரையில் ஊன்ற அதனிடம் எடை இல்லை. ஸ்பேனரை எடுத்தேன். தாஸ் கட்டச் சொன்ன பாறாங்கல் இரண்டையும் அவிழ்த்து உருட்டிவிட்டேன். அதில் ஒன்றுதான் இப்போது நம் துணி துவைக்கிற கல். பக்கத்துக்கு இரண்டாக நான்கு கொத்தைக் கழற்றி ஐந்தாக ஆக்கினேன்.

ஐந்தில் வண்டி ஓடியது பார், எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைக் கோடு அருமையாகத் தள்ளித் தள்ளி விழுந்தது. நாலு சால் ஓட்டிவிட்டு இறங்கிப் பார்க்கிறேன், உழுத மண்ணுக்கு இரண்டு பக்கமும் டயர் அழுத்திய தடம் அப்படியே பாறை மாதிரி கிடக்கிறது. ஐந்து கொத்தும் இரண்டு டயருக்கும் நடுவிலேயே அடங்கிவிட்டது, டயர் போன இடத்தைக் கீற அங்கே ஆள் இல்லை. உழுகிற உழவை வண்டியே மிதித்துக் கெடுக்கிறது. மறுபடி ஸ்பேனர். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டைத் திரும்ப மாட்டினேன், ஒவ்வொன்றும் டயர்த் தடத்துக்கு நேர் பின்னால் வருகிற மாதிரி நகர்த்தி முடுக்கினேன். ஓட்டினேன். வெள்ளைக் கோடு கொஞ்சம் நெருங்கியது, ஆனால் நெருக்கியடிக்கவில்லை. டயர் தடம் இருந்த சுவடே இல்லை. மண் புரண்டு, வேர்க்கடலைத் தோல் மாதிரி உதிர்ந்து வந்தது. வண்டி அலறவில்லை, ஒரே சீராக முனகிக்கொண்டே போயிற்று. அந்தச் சத்தத்தை இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவேன். எவ்வளவு சந்தோஷம் என்றால், தனியாக நடுக்கழனியில் நின்று கைதட்டினேன். அப்புறம்தான் பின்னால் திரும்பி எண்ணினேன். ஏழு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். உங்கப்பா காலையிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறார். "ஓடுச்சா?" என்றார். "ஓடுச்சு" என்றேன். "எத்தினி கொத்து போட்டிருக்க?" நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "அஞ்சும் ரெண்டும்" என்றேன். மனுஷனுக்கு என்ன, கூட்டல் தெரியாதா? மார்க்கெட்டில் காய் போட்டுக் கணக்குப் பண்ணிய ஆள். ஆனால் வாயைத் திறந்து அந்த எண்ணைச் சொல்லவில்லை. "அஞ்சும் ரெண்டுமா? தேவலையே, நல்ல நம்பரா கீதே" என்றார். அதுதான் அவர் எனக்குக் கொடுத்த லைசென்ஸ். பிற்பாடு கம்பு ஊன்றி வரப்புவரை வர ஆரம்பித்ததும் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எங்களுது அஞ்சும் ரெண்டும்" என்று ஏதோ வெளிநாட்டுச் சாமான் மாதிரிப் பீற்றிக்கொள்வார். பெரியப்பா ஒருமுறை, "அத ஏழுன்னுதான் சொல்லேன்டா" என்றார். உங்கப்பா கேட்காத மாதிரி வானத்தைப் பார்த்தார். நீயும் சின்னதில் அஞ்சும் ரெண்டும் கலப்பை என்றே சொல்லிப் பழகினாய். ஏன் அப்படி ஒரு பெயர் என்று நீ கேட்டதே இல்லை, நாங்களும் சொன்னதில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. சமதரையில் எல்லாம் சரி, மேட்டில் ஏறினால் மூக்கு லேசாகத் தூக்கும். பின்னால் இவ்வளவு இரும்பு தொங்கினால் முன்னால் ஏதாவது உட்கார வேண்டாமா? அந்தச் சமயம்தான் வீட்டுக்கு மிக்ஸி வந்திருந்தது. அம்மி சும்மா கொல்லையில் மழையில் நனைந்துகொண்டிருந்தது. நம் வீட்டு அம்மியை நீ தூக்கிப் பார்த்திருக்கிறாய், இரண்டு ஆள் வேண்டும். அதை முன்பம்பர் மேல் வைத்துத் தாஸை விட்டு இரும்புப் பட்டை போட்டு முடுக்கச் சொன்னேன். "இன்னாக்கா, வண்டிக்குச் சட்னி அரைக்கப்போறியா?" என்று ஊரைக் கூட்டிச் சிரித்தான். சிரிக்கட்டும். அதற்கப்புறம் என் வண்டி மூக்கைத் தூக்கியது கிடையாது. உன் படிப்பு, உங்கப்பா மருந்து, கடைசி நாட்களில் அவருக்கு ஆன வைத்தியம், காட்டாங்குளத்தூர் காலேஜுக்கு நீ போய்வந்த வருஷங்கள், எல்லாவற்றையும் அம்மியைச் சுமந்துகொண்டு அஞ்சும் ரெண்டும் இழுத்தது.

இப்போது உனக்கே புரிய ஆரம்பித்திருக்கும். கால்வாய் மேட்டில் அன்றைக்கு ஏன் சக்கரம் தூக்கிற்று? உன் கல்யாணத்துக்கு அம்மி மிதிக்க மண்டபத்தில் ஒரு கல் வைத்திருந்தார்கள். செங்கல் அளவுக்கு ஒரு வாடகைக் கல், நூறு பெண்கள் மிதித்தது. எனக்கு மனசு ஒப்பவில்லை. என் கல்யாணம் இந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது, நான் கால் வைத்தது அந்த அம்மியில்தான். என் மருமகளும் அதில்தான் மிதிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, பட்டையைக் கழற்றி, தேய்த்துக் கழுவி, மஞ்சள் பூசி, தாம்பரம் மண்டபத்துக்கு ஏற்றி அனுப்பினேன். நீயே குனிந்து அவள் காலைப் பிடித்து வைத்தாயே, அந்தக் கல்லில் கிரீஸ் வாசனை வந்ததா இல்லையா? கல்யாணம் முடிந்து அது திரும்பி வந்தது. அவள் பாதத்து மஞ்சளும் குங்குமமும் அப்படியே இருந்தன. அதை உடனே பம்பரில் வைத்து முடுக்க எனக்கு மனசு வரவில்லை. சாமி அலமாரிக்குக் கீழே வைத்தேன். கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் உழவுக்குப் போய்விட்டேன். அன்றைக்குக் கலப்பைப் பாரம் மேட்டுப் பக்கம் இருக்கிற மாதிரி ரிவர்ஸில் ஏறியிருக்க வேண்டும், அதுவும் எனக்குத் தெரிந்ததுதான், மருமகள் பார்க்கிறாளே என்று நேராக ஏறினேன். நீ பார்த்தது அதுதான். நம் இரண்டு பேருக்கும் சிரிப்புத்தான் வர வேண்டும், நீ ஆளை அனுப்பி வண்டியை விற்கப் பார்த்தாய்.

உனக்குப் புதுக் குடும்பம், ஏதாவது உபதேசம் பண்ண வேண்டும் என்று எனக்கும் கை அரிக்கிறது. வண்டியும் கலப்பையும் புருஷன் பெண்டாட்டி மாதிரி என்று எழுதுவேன் என்று நினைத்தாயானால், மாட்டேன், எனக்கே கேட்கச் சகிக்காது. ஒன்றே ஒன்று சொல்கிறேன். அந்தப் பெண் வேலைக்குப் போகிறாள். காலையில் எழுந்து சமைக்கிறாள், சாயங்காலம் வந்தும் சமைக்கிறாள், நடுவில் உன் சட்டைக்கு இஸ்திரி என்று நீயே போனில் பெருமையாகச் சொன்னாய். ஒரு நாள் அவள் திணறினால், கத்தினால், "இவ இப்படித்தான்" என்று சொல்லாதே. பின்னால் போய்ப் பார். எத்தனை மாட்டியிருக்கிறாய் என்று எண்ணு. ஸ்பேனரை நீ எடு. ரொம்பவும் கழற்றிவிட்டு, அவளை ஒன்றுக்கும் ஆகாதவள் மாதிரி உட்கார வைத்தாலும் அவளுக்குப் பிடிக்காது, எனக்குப் பிடிக்காத மாதிரியே. எவ்வளவு என்பதை அவளைக் கேட்டு மாட்டு. எங்களை மாதிரி சனீஸ்வரனைக் கேட்காதே.

என் விஷயத்துக்கு வருகிறேன். என்றைக்கு என் கால் கிளட்சை முழுசாக அமுக்கவில்லையோ, அன்றைக்கு நானே முந்தானையை அவிழ்த்துச் சாவியைக் கொடுப்பேன். யாரும் வந்து கேட்க வேண்டியதில்லை. அந்த நாள் வரைக்கும் வண்டி விற்பனைக்கு இல்லை, நிலம் வாரத்துக்கு இல்லை, நானும் மூணாவது மாடிக்கு இல்லை. பேரன் பேத்தி பிறந்தால் மட்டும் வருவேன், அதுவும் அறுப்பு இல்லாத மாதமாகப் பார்த்துப் பெற்றுக்கொள்ளுங்கள். சித்திரையில் பொன்னேர் வருகிறது, ஊரே சேர்ந்து வருஷத்து முதல் உழவு ஓட்டுகிற நாள். லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் வாருங்கள். உன்னை வண்டிமேல் உட்கார வைக்கப்போகிறேன். நீயே கோலமாவைக் கரைத்து டயரில் பூசு, நீயே ஓட்டு, நீயே இறங்கி வெள்ளையைப் பார். வரப்பில் நின்று பயப்படுகிற வேலையை அன்றைக்கு நான் பார்த்துக்கொள்கிறேன். அப்புறமும் வண்டியைப் பார்த்து உனக்குப் பயமாக இருந்தால், அப்போது பேசுவோம்.

வெள்ளிக்கிழமை அந்த ஆள் பஸ் ஏறிப் போனதும் தாஸை வரச் சொன்னேன். இப்போது அவனுக்கும் தலை நரைத்துவிட்டது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. அம்மியைச் சாமி அலமாரிக்குக் கீழிருந்து தூக்கிவந்து பம்பரில் வைத்து முடுக்கினோம். மஞ்சளைத் துடைக்க வந்தான், துடைக்காதே என்று கையைத் தட்டிவிட்டேன். மறுநாள் அதே கால்வாய் மேட்டில், கலப்பையைத் தூக்கிக்கொண்டு, வேண்டுமென்றே மெதுவாக ஏறிப் பார்த்தேன். ஒரு விரற்கடைகூட எழவில்லை. மருமகளிடம் சொல், அவள் பயப்பட வேண்டாம். அவள் வலது கால் பதிந்த கல்தான் என் முன்சக்கரத்தைத் தரையில் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அம்மா